போட்டோக்காரர் பேசாத நாள்

மோவாயை நிமிர்த்தச் சொல்ல வேண்டும். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. போட்டோக்காரர் தன் மோவாயைத் தானே தூக்கிக் காட்டினார். நாற்காலியில் இருந்த மளிகைக்கடைக்காரர் விருட்டென்று எழுந்துவிட்டார்.

"என் ரெட்டை மோவாயைக் கிண்டல் பண்றீங்களா?"

சமாதானமாகச் சிரித்துப் பார்த்தார்.

"சிரிப்பு வேறயா!" மளிகைக்கடைக்காரர் வாசலில் போய் முறைத்துக்கொண்டு நின்றார்.

கல்லாவில் இருந்த அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏற்பாடே அவளுடையதுதான். போட்டோக்காரரின் அண்ணன் இதே ஸ்டுடியோவில் மாரடைப்பில் போனவர். இதய நோய் ஆராய்ச்சிக்கு நிதி சேர்க்க, செய்து முடித்தால் பணம் என்று ஊரில் ஒருவர் ஓடினார், ஒருவர் நீந்தினார். நானும் ஓடுகிறேன் என்று இவர் கிளம்பியபோது அண்ணிதான் மறித்தாள்.

"ஓடறதெல்லாம் உங்களுக்கு ஒரு சோதனையா தம்பி? ஒரு நாள் வாயை மூடிட்டு இருங்க. ஊரே பணம் தரும்."

தருவதாகத்தான் சொன்னார்கள். எல்லாரும் இவர் பேச்சில் காது புளித்தவர்கள். கடை மூடும்வரை ஒரு வார்த்தை பேசினாலும் சல்லிக்காசு கிடையாது. எழுதிக் காட்டுவதும் பேச்சுதான் என்று அண்ணி கறாராகச் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் லைப்ரரியம்மா வந்தாள். மாதம் தவறாமல் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துக்கொள்கிற ஒரே ஜீவன். இத்தனை படம் எதற்கு என்று இவர் கேட்டதே இல்லை. ஊர்க்கதை முழுக்கப் பேசுகிற மனுஷருக்கு, அவள் வந்தால் மட்டும் லென்ஸைத் துடைக்கத்தான் தெரியும். அவள் போன பிறகு அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவைக்க மனசு வராது. அவ்வளவு ஆசை.

"மாத்தல் கேட்டிருக்கேன், தூரத்து ஊருக்கு. அதுக்குப் படம் வேணுமாம்" என்றாள். "இருன்னு சொல்ல இங்க யார் இருக்காங்க?"

இவருக்குப் பகீரென்றது. படம் இருந்தால்தானே போவாள்? கேமரா பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கையை விரித்தார்.

"ரிப்பேரா? பரவாயில்ல, பக்கத்துத் தெருவுல எடுத்துக்கறேன்."

கதவை மறித்துத் தலையை வேகமாக ஆட்டினார்.

"அங்க நல்லா இருக்காதா? சரி, பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒண்ணு இருக்கு."

வேறு வழி தெரியாமல் நெஞ்சில் கையை வைத்து அவளையே பார்த்தார்.

"ஐயோ, நெஞ்சு வலிக்குதா!"

"இவங்க அண்ணனும் இப்படித்தான் பிடிச்சாரு!" அண்ணி அலறினாள்.

மளிகைக்கடைக்காரர் கோபத்தை மறந்து ஓடிவந்தார். இவரைத் தரையில் கிடத்தி மார்பில் அமுக்கத் தொடங்கினார். இல்லை இல்லை என்று கையை ஆட்டினால், "இழுக்குது, இழுக்குது!" என்று இன்னும் பலமாக அமுக்கினார்.

லைப்ரரியம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விலா எலும்பு போனாலும் போகட்டும், இந்தக் கை இப்படியே இருக்கட்டும் என்று ஏங்கினார் மனுஷர். ஆனால் ஆம்புலன்ஸைக் கூப்பிட அவள் கையை விட்டு எழுந்தாள்.

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க போகாதீங்க. இங்கயே இருங்க... என்கூட."

"பேசிட்டாரு! என் பணம் தப்பிச்சுது" என்றார் மளிகைக்கடைக்காரர்.

சுவரில் மாட்டியிருந்த அண்ணனின் படத்தைப் பார்த்ததும் இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சிடுங்க அண்ணி. அண்ணன் பேரைச் சொல்லிச் சேர்த்ததெல்லாம் என்னால போச்சு."

அண்ணி லைப்ரரியம்மாவைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்தாள்.

"ஒண்ணும் போகல தம்பி. ஊரே நீங்க வாயை மூடினாத் தர்றேன்னாங்க. இவங்க மட்டும், நீங்க வாயைத் திறந்தா மொத்தத்தையும் நானே தர்றேன்னு காலையிலேயே வீட்டுக்கு வந்து சொல்லிட்டாங்க."