இதோ, ஒரே நொடி

மனிதர்களில் நொடிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. கொசுவைப் போல எல்லா வீட்டிலும் இருக்கும். சத்தம் கேட்கும், கைக்கு அகப்படாது. "இதோ, ஒரே நொடி!" அதுதான் அந்தச் சத்தம்.

நொடி என்றால் என்ன? விரலைச் சொடுக்கும் நேரம். குழந்தைக்கும் தெரியும். ஆனால் நொடிக்காரர் வாயில் விழுந்தால் அந்தச் சொல் இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். "ஒரு நொடி உங்க ஏணியைக் குடுங்க" என்று வாங்கிப் போனால், அடுத்த வெள்ளையடிப்பு வரை ஏணி அவர் வீட்டில். "ஒரு நொடி பேசணும்" என்றால் நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் அறை வாசலில் வரிசையை முந்திக்கொண்டு, "ஒரு நொடிதாங்க, ஒரே ஒரு சந்தேகம்" என்று நுழைந்தவர், தம் முழங்காலில் தொடங்கி, மாமியாரின் சர்க்கரை வழியாக, பக்கத்து வீட்டு நாயின் சொறி வரை கேட்டுவிட்டுத்தான் வெளியே வருவார். அவருக்கு வரவேண்டிய டீ? அங்கே மட்டும் நொடி என்றால் நொடிதான்.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள நான் போன வீடுகளில் இந்த இனத்தை நிறையவே பார்த்திருக்கிறேன். ஒருவரை மட்டும் சொல்கிறேன். அவருடைய அப்பாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கனத்த உடம்பு. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும்.

ஒரு நாள் காலை பெரியவர் முகம் சுளித்தார். "பாத்ரூம் போகணும்மா. அவசரம்."

என் தொழிலில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அவரைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, வாங்க! அப்பாவைத் தூக்கணும்!"

"இதோ, ஒரே நொடி!" கூடத்தில் செல்போன் மேல் குனிந்தபடி மகன்.

"பொறக்கும்போதே இப்படித்தான்," என்றார் பெரியவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "வலி எடுத்தப்புறமும் அவங்கம்மாவ ரெண்டு நாள் காக்க வெச்சான்."

"தம்பி! அப்பாவால அடக்க முடியல!"

"முடிஞ்சிருச்சு சிஸ்டர்! பெத்தவங்களுக்கு நேரம் ஒதுக்குங்கன்னு குடும்ப குரூப்ல எழுதிட்டு இருக்கேன். கடைசியில பூ படம் போடலாமா, கைகூப்புற படம் போடலாமா?"

"வாளி படம் போடச் சொல்லு," என்றார் பெரியவர்.

நல்லவேளை, கேஸ் சிலிண்டர்காரர் வாசலில் வந்து நின்றார். "அண்ணே, அதை இறக்கி வெச்சிட்டு இங்க ஒரு கை குடுங்க!" என்று கத்தினேன். ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே வந்தார், அந்தப் பக்கம் கை கொடுத்தார்.

"பயப்படாதீங்க பெரியவரே, சிலிண்டர் மாதிரி உருட்ட மாட்டேன்."

"உருட்டினாலும் பரவால்லப்பா, சீக்கிரம்!"

தூக்கினோம், தள்ளினோம், உட்காரவைத்தோம். மானம் தப்பியது. வேட்டியும் தப்பியது.

பெரியவர் நிம்மதியாக மூச்சு விட்ட பிறகு மகன் வந்து சேர்ந்தார். "அதுக்குள்ள என்ன அவசரம்? ஒரு நொடி பொறுக்கக்கூடாதா?" என்றார். பிறகு செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வாசலில் எட்டிப் பார்த்தார். "அப்பா, ஒரே ஒரு நொடி இந்தப் பக்கம் சிரிங்க. குரூப்ல எல்லாரும் உங்க போட்டோ கேக்கறாங்க."

பெரியவருக்கு வலது கை நன்றாகவே வேலை செய்தது. கதவு அறைந்த வேகத்தில் மகன் மூக்கு வீங்கிவிட்டது. பஞ்சு கேட்டு அலறினார். போனேன், என் வேகத்தில்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதைப் படிக்க உட்கார்ந்தபோது உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்கள். நீங்களும் தலையைத் தூக்காமல் ஏதோ பதில் சொன்னீர்கள். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிடுகிறார்கள், எழுந்து போங்கள்.