ஏட்டு வேங்கையனுக்கு வாசல் டியூட்டி

தான் வரைந்த படம் தன் கண்ணுக்கே அசிங்கமாகத் தெரிந்த மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. தான் பாடும் பாட்டைப் பற்றிச் சிலருக்குச் சந்தேகம் உண்டு. தான் வைத்த சாம்பாரைப் பற்றி என் வீட்டுக்காரருக்கே சந்தேகம் உண்டு. ஆனால் பென்சிலைப் பிடித்து ஒரு மூக்கையும் இரண்டு கண்ணையும் போட்டு முடித்தவர்கள், பேப்பரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, தலையைச் சாய்த்து, "பரவாயில்லையே" என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். ஏழாம் வகுப்பு படிக்கும்போது நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அதன் பலனைப் பசுமலைப் பக்கம் ஒரு தெருவே பல வருஷம் அண்ணாந்து பார்த்தது.

எழுபதுகளின் கடைசி. மதுரையை டிவி எட்டிப் பார்க்காத காலம். (எட்டிப் பார்த்த பிறகும் எங்கள் வீட்டு வாசற்படி ஏற அது ரொம்ப நாள் யோசித்தது.) கீழவாசல் பக்கம் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். நடுவில் முற்றம், அதில் ஒரே குழாய், சுற்றிலும் வீடுகள். அப்பா பஸ் கண்டக்டர், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். எதிர் வீட்டில் ஹேமா. அவளுடைய அப்பாவுக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வாசலைத் தாண்டினால் எங்களைவிட நல்ல மதுரைத் தமிழ். அந்தப் பாஷையில் எனக்குச் சாப்பாட்டுச் சமாசாரம் மட்டும் புரியும். அதற்கு மேல் தேவைப்பட்டதும் இல்லை.

ஹேமாவுக்கும் எனக்கும் ஒரே தெய்வம், ஏட்டு வேங்கையன். சிறுவர் பத்திரிகை ஒன்றின் கடைசிப் பக்கத்தில் வாராவாரம் வந்த படக்கதையின் நாயகன். புலிதான், ஆனால் போலீஸ் ஏட்டாக வேலை பார்க்கும் புலி. தலையில் தொப்பி, முறுக்கிய மீசை, கையில் லத்தி. ஒரு கதையில் திருடனைத் துரத்தி ஓடும்போது சட்டையின் மூன்றாவது பட்டன் தெறித்து விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தக் கதையிலும் ஓவியர் அந்தப் பட்டனைத் திரும்பப் போடவே இல்லை. இதைத் தமிழ்நாட்டிலேயே கவனித்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை. வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்ததும் முற்றத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்போம். நான் ஏட்டு, அவள் திருடன். அடுத்த வாரம் மாற்றிக்கொள்வோம்.

அப்படி இருக்கையில் ஹேமாவின் அப்பா பசுமலையில் சொந்த வீடு கட்டி முடித்துவிட்டார். கீழவாசலிலிருந்து பசுமலை பஸ்ஸில் அரை மணி நேரம். எனக்கு அது பம்பாய். அவளுக்குப் புது ஸ்கூல், புது சிநேகிதிகள். என்னை மறந்துவிடுவாள் என்று நினைத்தாலே சாப்பாடு இறங்கவில்லை. (அம்மா இதை மறுக்கிறாள். அந்த மாதமும் நான் நன்றாகத்தான் தின்றேனாம்.)

அப்போதுதான் அந்த மகத்தான யோசனை உதித்தது. ஏட்டு வேங்கையனைப் பெரிதாக வரைந்து, கலர் அடித்து, கண்ணாடி போட்டு, புதுமனை புகுவிழாவுக்குக் கொடுப்பது. அதை அவர்கள் ஹாலில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள். ஹேமா மணி பார்க்கும்போதெல்லாம் ஏட்டைப் பார்ப்பாள். ஏட்டைப் பார்க்கும்போதெல்லாம் என்னை நினைப்பாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மணி பார்ப்பாள் என்று யோசித்து யோசித்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சித்தப்பா வாங்கிக் கொடுத்த கலர் பென்சில் டப்பா இருந்தது. முழு சார்ட் பேப்பர் வாங்கினேன். பத்திரிகையில் ஏட்டு கட்டைவிரல் அளவுதான் இருப்பார். சின்னப் படத்தின் மேல் கட்டம் போட்டு, பெரிய பேப்பரிலும் அதேபோல் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைந்தால் படம் பெரிதாகிவிடும் என்று டிராயிங் டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தார். டீச்சர் சொன்னது சரிதான். எண்ணியது நான். ஒரு கட்டத்தில் அடங்க வேண்டிய கண் இரண்டு கட்டத்துக்குப் போய்விட்டது. அழிக்க மனசு வரவில்லை. கண் பெரிதாக இருந்தால் கம்பீரம்தானே என்று அடுத்த கண்ணையும் அதே அளவுக்குப் போட்டேன்.

மேலே பேப்பர் பற்றவில்லை. தொப்பியை நசுக்கித்தான் வைக்க முடிந்தது. அதற்குள் அடங்காத காதுகள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகக் கூராக வெளியே நீட்டிக்கொண்டன. சிரிக்கிற வாயை அழித்து அழித்துப் போட்டதில் ரப்பர் தேய்ந்து பேப்பரில் ஓட்டை விழுந்தது. பின்னால் ஒரு துண்டுப் பேப்பரை ஒட்டி, அந்த இடத்தை மறைக்க ஒரு நாக்கைப் போட்டேன். ஓட்டை பெரிது, அதனால் நாக்கும் பெரிது. புலி என்றால் ஆரஞ்சு. ஆனால் ஆரஞ்சுப் பென்சில் நாங்கள் இரண்டு பேரும் தேய்த்ததில் நகத்தளவுதான் மிஞ்சியிருந்தது. சிவப்பை எச்சில் தொட்டுத் தொட்டு அடித்தேன். ரத்தச் சிவப்பாக வந்தது. கறுப்பு முனை ஒடிந்துபோனதால் மீசைக்கு அம்மாவின் கண்மை. அது பளபளவென்று ஈரமாகவே இருந்தது. கடைசியாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சட்டையில் மூன்றாவது பட்டன் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன்.

பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். பரவாயில்லை என்பது அடக்கமான வார்த்தை.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தாண்டி இருக்கு. தம்பி தூங்குற பக்கம் மட்டும் வைக்காத."

அப்பாவோடு கண்ணாடி பிரேம் போடும் கடைக்குப் போனேன். கடைக்காரர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, ஹாலுக்கா வாசலுக்கா?"

"ஹாலுக்கு."

"ஹாலுக்கா?" என்று இன்னொரு தரம் கேட்டார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். எவ்வளவு அக்கறையான கடைக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். வாசல் என்றால் மழை படும், அதற்குத் தகுந்த கட்டை போடத்தான் கேட்கிறார் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

விழா அன்று விடியற்காலையிலேயே காம்பவுண்டே கிளம்பிப் பசுமலைக்குப் போனது. எங்கள் காம்பவுண்டின் கடைசி வீட்டில் ஒரு நிஜ ஏட்டும் இருந்தார். ஊரே பயப்படும் மீசை. நாங்கள் அவரை ஏட்டு மாமா என்போம், ஆனால் எதிரில் அதிகம் நிற்க மாட்டோம். அவரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள்.

ஹோமம் முடிந்தது. பந்தலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் குத்துவிளக்கு, எவர்சில்வர் குடம் என்று கொடுத்துக்கொண்டிருக்க, நான் பழைய செய்தித்தாளில் சுற்றிய என் பொக்கிஷத்தை நீட்டினேன். ஹேமா பாயசம் எடுத்துவர உள்ளே போயிருந்தாள். அவள் அப்பாதான் பிரித்தார்.

பிரித்தவர் அப்படியே நின்றார். ஹேமாவின் அம்மாவைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் அவர்கள் பாஷையில் படபடவென்று பேச ஆரம்பித்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் முகங்கள் புரிந்தன. என்ன ஆச்சரியம், என்ன பூரிப்பு. ஒரு ஓவியக்காரிக்கு வேறென்ன வேண்டும்? நான் அடக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேச்சுக்கு நடுவில் "திருஷ்டி" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தது. என் திறமைக்குக் கண் பட்டுவிடும் என்று சொல்கிறார்கள் போலிருக்கிறது.

ஹேமாவின் அம்மா என் தாடையைப் பிடித்துக்கொண்டு தமிழுக்கு வந்தார்.

"அஸ்திவாரம் போட்டதுலருந்து இவருகிட்டச் சொல்றேன், ஒரு திருஷ்டிப் படம் வாங்கிட்டு வாங்க வாங்கன்னு. வாங்கவே இல்ல. இந்தப் புள்ளைக்குத் தோணியிருக்கு பாருங்க. கடையில விக்கிறதுல கூட இம்புட்டுப் பயங்கரமா இருக்காது."

நான் வாயைத் திறப்பதற்குள் ஹேமாவின் அப்பா, "கொத்தனாரே, ஒரு ஆணி எடுத்துட்டு வாங்க" என்றார்.

நடந்தது எல்லாம் கண் எதிரில் நடந்தது. கொத்தனார் ஏணியைச் சாய்த்தார். நிலைப்படிக்கு மேலே ஆணி இறங்கியது. ஏட்டு வேங்கையன், திருடர்களின் எமன், குழந்தைகளின் தோழன், தெருவைப் பார்த்து நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் ஏறினார். யாரோ ஒருவர் கீழே பூசணிக்காய்க்குக் குங்குமம் தடவினார். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பூசணிக்காயைத் தூக்கியதும் என்னால் முடியவில்லை.

"மாமா, இறக்கச் சொல்லுங்க மாமா. அது திருஷ்டிப் படம் இல்ல. அது ஏட்டு."

பந்தலில் அத்தனை தலையும் முதல் வரிசைப் பக்கம் திரும்பியது. அங்கே எங்கள் காம்பவுண்டு ஏட்டு மாமா, கேசரி பிடித்த கை பாதி வழியில் நிற்க, உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி படத்தைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார்.

"கண்ணு அப்படியே இருக்கே" என்றார். பக்கத்து இலைக்காரியிடம் திரும்பி, "சோறு அஞ்சு நிமிஷம் லேட்டாகட்டும், வீட்டுல இதே மூஞ்சிதான்" என்று விளக்கமும் சொன்னார்.

ஏட்டு மாமா எழுந்தார். நிதானமாகக் கை கழுவினார். படத்துக்கு நேர் கீழே வந்து இடுப்பில் கை வைத்து அண்ணாந்து நின்றார். என் அப்பா கூட்டத்தில் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். (பஸ்ஸில் எல்லாரையும் முன்னால் போகச் சொல்லும் மனிதர்.)

"மீசை சரி" என்றார் ஏட்டு மாமா. "கொம்பு எதுக்கு?"

"கொம்பு இல்ல மாமா. காது."

"எங்காதா?"

"இல்ல மாமா. புலிக்காது. அவரு புலி மாமா."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். கை தானாக மீசைக்குப் போனது.

"புலியா" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "கொத்தனாரே, இன்னொரு ஆணி அடிங்க. காத்துல ஆடப்போகுது. யாரும் இறக்க வேணாம், இருக்கட்டும்."

போலீஸே சொல்லிவிட்ட பிறகு இறக்குவது யார்? பூசணிக்காய் உடைந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் கொல்லைப்பக்கம் ஓடி, செங்கல் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அழுகையில் பாதி அவமானம். மீதிப் பாதி, ஹாலும் போச்சு, கடிகாரமும் போச்சு, ஹேமாவும் போனாள் என்பது.

கொஞ்ச நேரத்தில் பாயச டம்ளரோடு ஹேமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டுக்கு ஏண்டி நாக்கு அம்புட்டு நீளம்?"

நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சது, அது ஏட்டுன்னு?"

"என்னடி இப்படிக் கேக்குற. மூணாவது பட்டன் இல்லல்ல?"

அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஊரில் ஒருத்தருக்கும் தெரியாமல் போனால் என்ன, தெரிய வேண்டியவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டை விழுந்த கதையைச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துப் பாயசத்தைப் பாவாடையில் கொட்டிக்கொண்டாள். பிறகு, "ஹாலுல இருந்தா மணி பாக்கையிலதான் பாப்பேன். வாசல்ல இருந்தா போகையில ஒரு சல்யூட், வரையில ஒரு சல்யூட்" என்றாள். சொன்னபடியே செய்தாள். அவளைப் பார்த்து அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் வாசலைப் பார்த்து சல்யூட் அடிக்கப் பழகி, அந்த வீட்டுக்குப் போலீஸ் வீடு என்றே பெயர் வந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, அக்கம்பக்கத்தில் எல்லாம் குடமும் சைக்கிளும் திருட்டுப் போனபோதும் அந்த வீட்டில் ஒரு செருப்புகூடக் காணாமல் போகவில்லை. அதைக் கேள்விப்பட்டுப் புது வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் தங்களுக்கும் ஒரு படம் போட்டுத் தரச் சொல்லி அப்பாவிடம் கேட்டனுப்பினார்கள். என் ஓவியத்துக்கு அதற்கு மேல் மவுசு என்றைக்கும் வந்ததில்லை.

எங்கள் வீட்டில் இன்றுவரை யார் எதை வரைந்தாலும், கோலம் போட்டாலும், என் மகள் முகத்துக்கு மேக்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றாலும், அப்பா கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"ஹாலுக்கா, வாசலுக்கா?"

சில வருஷங்களுக்கு முன்னால் ஹேமாவின் பசுமலை வீட்டை இடித்து மாடியோடு கட்டினார்கள். இடிக்கும் அன்று ஹேமாவே அந்தப் படத்தைக் கழற்றி, துடைத்து, ஒரு பழைய சுங்குடிச் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தாள். வெயிலில் சிவப்பெல்லாம் ஓடிப்போய் ஏட்டு வெளிறிப்போயிருந்தார். கண்மை மீசை மட்டும் அப்படியே. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரை என் வீட்டு ஹாலில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம்.

வருகிறவர்கள் திடுக்கிட்டு, "திருஷ்டிப் படத்தைப் போய் யாராவது வீட்டுக்குள்ள மாட்டுவாங்களா?" என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொல்வார்.

"வாசல் டியூட்டி முடிஞ்சிருச்சுங்க. ஏட்டு ரிட்டயர் ஆயிட்டாரு."