ஊசியக்கா தைத்த பெயர்

மரியாதை குறையாமல் திட்டியே ஒரு மனிதனை அழவைக்கக்கூடியவர் திருப்பூரில் ஒரே ஒருவர்தான். அவர் ஊசியக்கா. காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய கடை. அதற்கு மேல்மாடியில் நான் குடியிருந்தேன். என் அலாரமே அவருடைய வசவுதான்.

துணியில் கையால் எழுத்துத் தைப்பது அவர் தொழில். தலையணை உறை, ரவிக்கை, சுவரில் மாட்டும் துணி என்று எதில் கேட்டாலும் பூவும் கொடியுமாக எழுத்து மலரும். ஆனால் வாடிக்கையாளர் சொன்ன வார்த்தை அவருக்கு மெய்யாகப் படவேண்டும். படவில்லையென்றால் போச்சு.

பனியன் கம்பெனி முதலாளி ஒருவர், புது வீட்டு ஹாலில் மாட்ட 'அம்மா' என்று கேட்டார்.

"அம்மா எங்க இருக்காங்க?"

"காங்கேயத்துலங்க. தோட்டத்துல தனியா இருக்காங்க."

"அவுங்கள அங்க உட்டுட்டு எழுத்த மட்டும் ஏனுங்க ஹால்ல மாட்டறீங்க? வெக்கமா இல்லீங்களா? எந்திரிச்சுப் போங்க சாமி!"

துணி அவர் பின்னாலேயே பறந்தது. காரில் ஏறும்போது அவர் கண்ணைத் துடைத்ததை மாடியிலிருந்து பார்த்தேன்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு மாப்பிள்ளையின் அம்மா, மருமகளாகப் போகும் பெண்ணை அழைத்துவந்தார். முகூர்த்த ரவிக்கையின் முதுகில் 'தன்விகா' என்று ஜரிகையில் வேண்டும்.

"உம்பேரு தன்விகாவா கண்ணு?"

"செல்லாத்தாளுங்க," என்றாள் பெண்.

"அது பழைய பேருங்க," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "ஸ்டைலா இல்லீல்ல? பத்திரிகையிலயே மாத்திப் போட்டாச்சு."

பெண் தலையைக் குனிந்தாள். ஒரு சொட்டு, மடியிலிருந்த பட்டில் விழுந்தது.

"பட்டு கறையாகுதுங்க!" என்று ஊசியக்கா கத்தினார், பெண்ணைப் பார்த்து அல்ல.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணோடு கடைக்கு வந்து ரவிக்கையை விரித்துப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா போட்ட சத்தத்தில் நான் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். முதுகு முழுக்கத் தங்க ஜரிகையில் 'செல்லாத்தாள்'. கடைசி எழுத்தின் வால், கொடியாகத் தோள்வரை ஏறியிருந்தது.

"பேரைப் பிரிச்சு எடுங்க! இப்பவே!"

ஊசியக்கா கத்தரிக்கோலை நீட்டினார்.

"நீங்களே பிரிங்க. அந்தப் புள்ளையப் பாத்துக்கிட்டே ஒவ்வொரு நூலா பிரிங்க."

மாப்பிள்ளையின் அம்மா கத்தரிக்கோலைத் தொடவில்லை. பெண்தான் முன்னால் வந்து ரவிக்கையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். "அத்தை, நான் இதையே போட்டுக்கறனுங்க."

மறுநாள் அழைப்பில்லாமலே என்னையும் இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார் ஊசியக்கா. மாமியார் விடுவாரா? பெயர் மறையும்படி கூடை மல்லிகையை மருமகள் ஜடையில் தொங்கவிட்டிருந்தார். தாலி கட்டி முடிந்ததும் செல்லாத்தாள் ஜடையை எடுத்துத் தோளுக்கு முன்னால் போட்டுக்கொண்டாள். மண்டபமே அவள் முதுகைப் படித்தது. ஊசியக்காவோ, "தலையில இத்தன பாரத்த வெச்சா புள்ளைக்குக் கழுத்து வலிக்காதுங்களா?" என்று பந்தி முடியும்வரை பக்கத்து இலைக்காரரைத் திட்டினார்.

அந்தக் குடும்பத்துச் சொந்தபந்தம் ஒன்றுகூட அதன்பின் கடைப்பக்கம் வரவில்லை. அதற்கும் சேர்த்துச் சந்துக்காரர்களான எங்களுக்குத்தான் வசவு கிடைத்தது.

நான் பல்லடத்துக்குக் குடிமாறியபோது, "சொல்லாமக் கொள்ளாம ஊட்டக் காலி பண்றீங்க, மனுசனா நீங்க?" என்று சீறிக்கொண்டே, டெம்போவில் என் பீரோவைக் கட்டிய கயிற்றை அவிழ்த்துத் தானே இறுக்கிக் கட்டினார். வண்டி சந்து திரும்பும்வரை திட்டியபடியே வாசலில் நின்றார். திரும்பிய பிறகும் கொஞ்ச தூரம் அந்தக் குரல் கூட வந்தது. மெதுவாகப் போகச் சொன்னேன் டிரைவரை.