மாமனார் நடித்த படம் பார்க்கப் போன விவரம்

மேற்கு ஜெர்மனி,
18.11.1984

காவலூரில் இருக்கும் மதிப்பிற்குரிய மாமா மரியஜோசப் அவர்களுக்கு, மருமகன் ஆரோக்கியநாதன் தோத்திரம் சொல்லி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் என் இருமலும் இங்கே சுகம். அத்தை, என் மனைவி ஜோசபின், சினைப் பசு எல்லோர் சுகத்துக்கும் எழுதவும்.

வங்காளத்துக்காரர் நம் மலையில் எடுத்த படத்தில் நீங்கள் புளி மூட்டை தூக்கி வருவதாகவும், அது இங்கே உலகத் திரைப்பட விழாவுக்கு வருவதாகவும், நான் பார்த்து எழுதினால்தான் ஜோசபினை அனுப்புவது பற்றி யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டு வருஷமாக யோசிக்கிறீர்களே என்று நான் கேட்கவில்லை. தோல் ஃபாக்டரியில் லீவு சொல்லிவிட்டு, கூட வேலை செய்கிற வாணியம்பாடி உஸ்மானையும் இழுத்துக்கொண்டு, கல்யாணக் கோட்டோடு பகல் காட்சிக்குப் போனேன். அரை மணி நேரமாக நம் சாமைக் கொல்லை வந்தது, திருப்பத்தூர் பஸ் வந்தது, நீங்கள் மட்டும் வரவில்லை. திடீரென்று ஃபிலிம் அறுந்து லைட் போட்டார்கள். நம் டெண்ட் கொட்டகையில் ஒரே மெஷின், ரீல் மாற்ற லைட் போடும்போதெல்லாம் எழுந்து வெளியே போவதுதானே பழக்கம்! உஸ்மான், "இன்டர்வெல் வுட்டுட்டாம்பா, வா, டீ குடிச்சிட்டு வந்துடலாம்" என்றான். வரிசையில் இருந்த அத்தனை பேரையும் எழுப்பிவிட்டுப் போனோம். டீயும் இல்லை, முறுக்கும் இல்லை. திரும்பி வந்தால் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு அம்மா நிக்கிறாங்க, நடுவுல விடமாட்டாங்களாம். "எங்க மாமனார் உள்ள இருக்கார்ம்மா"ன்னு தெரிஞ்ச ஜெர்மன்ல கெஞ்சினேன். "அவர் வெளிய வர்ற வரைக்கும் நில்லுங்க"ன்னுட்டாங்க. கதவு திறந்தப்போ படமே முடிஞ்சு, டைரக்டர் மேடையில நின்னு ஆளாளுக்குக் கேள்வி கேக்கச் சொல்றார். நான் மைக்கை வாங்கி, "புளி மூட்டை சீனை இன்னொரு வாட்டி போடுங்க"ன்னு கேட்டுட்டேன். ஏதோ பெரிய கேள்வின்னு நினைச்சு எல்லாரும் கை தட்டிட்டாங்க மாமா! டைரக்டர் இறங்கி வந்து விவரம் கேட்டு, கூட்டம் போன பிறகு ஆபரேட்டர்கிட்ட சொல்லி அந்த ரீலைப் போட வச்சார்.

பார்த்தேன் மாமா. என்ன முகம், என்ன மீசை, என்ன பார்வை! உஸ்மான் எழுந்தே நின்றுவிட்டான்.

இங்கே நம்மவர்கள் நாலு குடும்பம் இருக்கிறார்கள். ஞாயிறு பூசை உண்டு. ஜோசபினுக்குக் கம்பளிக் கோட்டும் வாங்கிவிட்டேன். விசா காகிதம் இதோடு இருக்கிறது. கிறிஸ்துமஸ் கழிந்ததும் தயவுசெய்து அனுப்பிவைக்கவும். பெரியவர்களுக்கு என் தோத்திரமும் சின்னவர்களுக்கு என் முத்தங்களும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகன்
ஆரோக்கியநாதன்

பி.கு.: பூசைக்குப் போய்ட்டு வந்தப்புறம் மனசு கேக்கல மாமா. மேல எழுதினது பொய். மூட்டை உங்க முகத்தை முழுசா மறைச்சிடுச்சு, வேட்டியும் காலும்தான் தெரியுது. அதையும் நான் ஒழுங்காப் பார்க்கல. உஸ்மான் எழுந்து நின்னது நான் அழறதைப் பார்த்துத்தான். உங்க பின்னாடி சோத்துத் தூக்கோட ஜோசபின் வர்றா. கேமராவைப் பார்க்கக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க போல. பார்த்துட்டா. நேரா என்னைத்தான் பார்த்தா மாமா.