மேலே ஒன்று, கீழே ஒன்று

அங்காளம்மாள் ஒட்டுக்கேட்கவில்லை. அடுப்படியில் நின்றாள், காது திறந்திருந்தது, அவ்வளவுதான்.

வாசலில் அவள் கணவர் பால்ச்சாமி, ராஜபாளையம் மில்லில் தன்னோடு வேலை பார்க்கும் சுப்புராஜிடம் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்.

“மேல ஒண்ணு இருக்குல்ல? அப்ப கீழயும் ஒண்ணு இருக்கும்ங்காரு. ஒரு தடவை பாத்துட்டா நிம்மதி.”

“வீட்ல சொல்லிட்டியா?”

“எப்படிப்பா சொல்லுவேன்? வெக்கக்கேடு.”

கரண்டி குழம்புக்குள் விழுந்தது. அங்காளம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூர் மேலத்தெருவில் வாழ்க்கைப்பட்டவள். மேலே ஒன்று என்றால் அது அவள்தான். அப்படியானால் கீழத்தெருவில் இருப்பவள் யார்?

அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம். பால்ச்சாமிக்கு இருந்த ஒரே குறை நெஞ்செரிச்சல் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். போன மாதம் மதுரையில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு வந்தவர், “புண்ணாம், மாத்திரை குடுத்திருக்காக” என்றதோடு முடித்துக்கொண்டார். வரும்போது ஒரு பச்சை வயர் கூடையும் ஃப்ளாஸ்க்கும் கொண்டுவந்தார். “மதுரையில வாங்குனேன்” என்றார். வாங்கும்போதே கைப்பிடி நைந்துபோன கூடையை வாங்கிவந்த மனுஷனை நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்போது ஆள் மெலிந்து வேறு போயிருந்தார். மாதத்தில் பாதி நாள் டபுள் ஷிப்ட். சாப்பாட்டில் மனம் இல்லை. எவளோ மருந்து வைத்துவிட்டாள் என்றே அங்காளம்மாள் முடிவு கட்டினாள். வயிற்றைப் பிடித்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்று தோன்றியது.

மறுநாள் பால்ச்சாமி, “இன்னைக்கு கஞ்சித்தண்ணி மட்டும் போதும்ட்டி. நாளைக்கு மதுரையில ஒரு சோலி இருக்கு” என்றார்.

அவள் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தாள்.

“வேண்டாம்னா கேளேன்.”

“ஏன், என் கையால சாப்பிட்டா இறங்காதோ?”

மனுஷன் தலையைக் குனிந்து சாப்பிட்டார். இரவெல்லாம் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதுரைக்குப் போனவர் அன்று மாலையே செத்த முகத்தோடு திரும்பினார். “திருப்பி அனுப்பிட்டாக. அடுத்த வாரம் வரணுமாம்” என்று சுப்புராஜிடம் அவர் சொன்னதும் அவள் காதில் விழுந்தது. இதிலும் அங்காளம்மாளின் காதைக் குறை சொல்ல முடியாது.

குழம்பு பலிக்கவில்லை என்றானதும் நேரே கீழத்தெருவுக்குப் போனாள். அங்கே தனியாக இருப்பவள் தையல்கார ஜெயபாய் ஒருத்திதான்.

“எங்க வீட்டுக்காரர் இங்க வருவாராமே?”

“வந்தாரு. சட்டைக்குக் காலர் மாத்திக் குடுத்தேன்.”

“காலரு மட்டுந்தானா?”

ஜெயபாய் கத்தரிக்கோலோடு தெருவுக்கு வந்துவிட்டாள். அரை மணி நேரத்தில் மேலத்தெரு, கீழத்தெரு இரண்டுக்கும் விஷயம் தெரிந்துபோனது. இல்லாத கதைக்குக் கை கால் முளைத்தது. அங்காளம்மாளுக்கு அழுகை பொங்கியது. வயிற்றில் ஒரு பிள்ளையும் தங்காத இந்தப் பிறவிக்கு இருந்த ஒரே பிடிமானமும் போய்விட்டால், அப்புறம் அவள் எங்கே போவாள்?

கடைசியில் அண்ணன் சுந்தரபாண்டியனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் போலீஸ் ஏட்டு. உடுப்பைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார்.

“மாப்ள, கீழ ஒண்ணு இருக்காமே?”

பால்ச்சாமியின் முகம் வெளிறிப்போனது. “யாரு... யாரு சொன்னா மச்சான்?”

“நீங்கதான் சொன்னீக. சுப்புராஜ் அண்ணங்கிட்ட. நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்” என்றாள் அங்காளம்மாள்.

“ஓ, அதுவா?” பால்ச்சாமி நீளமாக மூச்சு விட்டார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆமா மச்சான். இருக்கும்னுதான் சொல்லுதாக. வெக்கமா இருந்துச்சு, அதான் வீட்ல சொல்லல.”

“எம்புட்டு நாளா?”

“எம்புட்டு வருசமா இருக்கோ, யாரு கண்டா? வெளிய தெரியவே தெரியாதாம்.”

“இப்ப என்ன செய்யப்போறீரு?”

“இருக்கிறது உறுதியாச்சுன்னா, கம்பியில சுருக்குப் போட்டு அறுத்து எடுத்துருவாக. வலியே இருக்காதாம்.”

ஏட்டு எழுந்து நின்றார். அவர் பார்த்த கொலைகாரர்களில் ஒருவனும் இத்தனை சாந்தமாகப் பேசியதில்லை.

“மாப்ள, ஸ்டேசனுக்கு நடங்க.”

“ஸ்டேசனுக்கு எதுக்கு? மதுரை ஆஸ்பத்திரியிலல்ல செய்வாக.”

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. பால்ச்சாமியின் உணவுக்குழாயின் அடிப்பக்கத்தில் தோல் மாறிப்போயிருந்தது. மேலே அப்படி இருக்கிறவர்களில் சிலருக்குக் கீழே பெருங்குடலில் சதை முளைத்திருப்பதைப் பார்த்திருக்கிறார்களாம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது, ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது, விட்டால் அது புற்றாகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பார்ப்பதற்குக் குழாய் விடவேண்டிய வழியை பால்ச்சாமி ஏட்டின் காதில் மட்டும் சொன்னார். ஏட்டு உட்கார்ந்திருந்த இடத்திலேயே நெளிந்தார்.

“வயிறு காலியா இருந்தாத்தான் பாக்க முடியும். நீ கறிக்குழம்பை ஊத்திட்ட” என்றார் பால்ச்சாமி.

அங்காளம்மாள் அந்த இடத்திலேயே குறுகிப்போனாள். அடுத்த வாரம் கஞ்சித்தண்ணியை அவளே வடித்துக் கொடுத்தாள். பச்சைக் கூடையில் ஃப்ளாஸ்க்கை வைத்துக்கொண்டு, கணவரின் கையைப் பிடித்தபடி மதுரைக்குப் போனாள்.

உள்ளே ஒன்று இருந்தது. கொட்டைப்பாக்கு அளவு.

“எடுத்தாச்சும்மா. டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கோம். புற்றா இல்லையான்னு அதுலதான் தெரியும். இன்னும் தள்ளிப்போட்டிருந்தா கஷ்டம்தான்” என்றார் டாக்டர்.

மயக்க மருந்தின் அசதியில் கட்டிலில் கிடந்தவரின் காலடியில் அங்காளம்மாள் உட்கார்ந்தாள். சாகக் கிடந்தவரைச் சந்தேகப்பட்டோமே என்று நெஞ்சு அறுத்தது. ஜெயபாயின் காலிலும் விழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

“என்னைய மன்னிச்சிருங்க. உங்களைப் போயி அப்படி நினைச்சிட்டேனே.”

பால்ச்சாமி கண்ணைத் திறக்காமலே, “விடுட்டி. தெரியாமத்தான செஞ்ச” என்றார். அந்தப் பெரிய மனசை நினைத்து அவளுக்கு இன்னும் அழுகை வந்தது.

வார்டைத் துடைக்க வந்த ஆயா, கட்டிலுக்கு அடியிலிருந்த பச்சைக் கூடையை நகர்த்தி வைத்தவள், ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். பிறகு அங்காளம்மாளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பிரியமாகச் சிரித்தாள்.

“போன மாசம் மேல பாக்கயில இதே கூடையோட இவுக வீட்டம்மா வந்திருந்தாக, இப்ப கீழ பாக்க நீங்க வந்திருக்கீக, நீங்க இவுகளுக்கு அக்காவா?”