எறும்பு சாட்சி

உயிரே போனாலும் அஸ்கா சர்க்கரை போடாத காப்பியைத் தொடுவதில்லை என்று ஒரு நாள் சபதம் செய்தேன். ராயபுரத்தில் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை, என் மனைவி பவுனம்மாளைத் தவிர.

எல்லாம் என் கால் கட்டைவிரலால் வந்தது. நான் ஹார்பரில் சரக்கு எண்ணும் குமாஸ்தா. மூட்டை விழுந்து விரல் புண்ணாகி, ஆறவே இல்லை. கொல்லையில் நான் ஒதுங்குகிற இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பவுனுதான் முதலில் பார்த்தாள். டாக்டரிடம் இழுத்துப் போனாள். நீரிழிவு என்றார் அவர். "ஒன்று அஸ்காவை விடு. இல்லையென்றால் விரலை விடு."

விரலை விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

பக்கத்து வீட்டு ஷாகுல் ஹமீது பாய் கப்பல்களுக்குச் சாமான் போடுகிறவர். அவரிடம் சொல்லிப் பவுனு ஒரு புட்டி வரவழைத்தாள். உள்ளே பொடிப்பொடியாய் வெள்ளை மாத்திரை. சாக்கரின்.

"ஒண்ணு போட்டா போதுமாம். தித்திப்பு கீது, சர்க்கரை இல்ல."

"இத்த எதுலேர்ந்து எடுக்கறான் தெரியுமா? தாருலேர்ந்து. ஹார்பர்ல பீப்பா பீப்பாயா எண்ணிகினு கீறேனே, அந்தத் தாரு. ரோட்டுக்குப் போடறத எனக்குப் போடறியா?"

"ரோடு எத்தினி வருசம் ஒழைக்குது, பாரேன்."

ஒரு வாய் குடித்தேன். கசந்தது. தாரம் கொடுத்தாலும் தாரு தாருதான் என்று துப்பினேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. "வெரலு போனா அடுத்தது காலுன்றாரு டாக்டரு. ஒத்தக் கால வெச்சிகினு இன்னா பண்ணுவ?"

எனக்கும் பயம்தான். ஆனாலும் சபதமாயிற்றே. கடைசியில் அவளே இறங்கி வந்தாள்.

"சரி. ஒரு வேள மட்டும் அஸ்கா காப்பி. சோத்தக் கொறைக்கணும்."

"அஸ்காதான் போட்டேன்னு எப்டி நம்பறது?"

"உன் நாக்குக்குத் தெரியாதா?"

"நாக்க ஏமாத்தலாம். எறும்ப ஏமாத்த முடியாது."

நான் லேசுப்பட்டவன் இல்லை. காப்பி வந்ததும் சாசரில் கொஞ்சம் ஊற்றித் தரையில் வைப்பேன். எறும்பு வந்தால்தான் மிச்சத்தைக் குடிப்பேன். தாரைத் தின்ன எந்த எறும்பு வரும்?

எறும்பு வந்தது. தினமும் வந்தது. அதற்குள் காப்பி ஆறிவிடும், பரவாயில்லை. என்ன தித்திப்பு! "நாக்குன்னா நாக்கு, தாரா அஸ்காவான்னு தொட்ட ஒடனே சொல்லிடும்" என்று ஷாகுல் பாயிடம் பீற்றிக்கொண்டேன்.

காப்பியோடு புண்ணும் ஆறியது. டாக்டர் மறுபடி சோதித்துப் பார்த்து, சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது என்றார். "சாக்கரினா?"

"அந்தத் தார இந்த நாக்கு தொடாதுங்க. தெனம் அசல் அஸ்கா."

பவுனு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே வந்ததும் கேட்டேன்.

"இன்னா சிரிப்பு?"

"மொத நாள்லேர்ந்து காப்பில மாத்திரதான்யா."

"பொய்யி. எறும்பு வந்துச்சே?"

"காப்பிக்கா வந்துச்சி? தெனம் அஸ்காவக் கரைச்சி சாசர்ல பூசிக் காயவெச்சேன். அதுக்கு வந்துச்சி."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். கோபம் வரவில்லை, பெருமைதான் வந்தது. கோட்டையில் உட்கார்ந்து ராஜாங்கம் நடத்த வேண்டிய மூளை, என் ஒற்றை விரலுக்காக இவ்வளவு பாடுபட்டிருக்கிறது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"எனக்கு மாத்திர, எறும்புக்கு அஸ்காவா?"

"தித்திப்பு தெரிஞ்ச நாக்கு நம்ம வூட்ல அதுங்களுக்குத்தானே கீது."