சேற்றுப்புண்ணுக்கு வந்த காளான் தைலம்

பழவேற்காடு ஏரிக்கரை,
17-11-1981

மதிப்பிற்குரிய மச்சான் கோபால் அவர்களுக்கு, உங்கள் தங்கை வேலம்மாவின் புருஷன் சிங்காரம் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே என் இரண்டு கால்களைத் தவிர எல்லோரும் சுகம். மெட்ராசில் நீங்களும் பிள்ளைகளும் உச்சி முதல் உள்ளங்கால் வரை சுகமாயிருக்க எல்லையம்மன் துணையிருப்பாளாக.

நிற்க. நீங்கள் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து பஸ்ஸில் கொடுத்தனுப்பிய காளான் தைலம் செப்டம்பரிலேயே வந்து சேர்ந்தது. என் கால்விரல் இடுக்கில் இருக்கும் சேற்றுப்புண்ணும் ஒரு வகைக் காளான்தான் என்று பொன்னேரி டாக்டர் சொல்லியிருந்தார். காளானை விரட்ட இன்னொரு காளான் சாறா, உள்ளே போய் இரண்டும் சொந்தம் கொண்டாடிக்கொண்டால் என் கதி என்ன என்று அப்போதே சந்தேகம் வந்தது. ஆனாலும் நீங்கள் படித்தவர், பூசினேன். அந்த வாசனைக்கு, கருவாட்டில் வளர்ந்த எங்கள் பூனையே மூன்று நாள் வீட்டுப்பக்கம் வரவில்லை. அதையும் பொறுத்தேன். கூட வந்த சீட்டில் 'நாற்பது நாள் காலில் தண்ணீர் படக்கூடாது' என்று அச்சடித்திருக்கிறதே, அதை எழுதிய புண்ணியவான் எங்கள் ஏரியை வரைபடத்திலாவது பார்த்திருப்பானா? நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை கட்டுகிறவன். இருந்தும் உங்கள் பேச்சுக்கு மரியாதை கொடுத்து, இரண்டு காலையும் உரச்சாக்கு பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு கட்டிலில் ஏறினேன். ஐப்பசி மழையில் கூரை சரியாகக் கால்மாட்டில்தான் ஒழுகியது.

பாடு விஷயம் மெட்ராஸ் போய் மறந்திருப்பீர்கள். ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வரும். முறை வந்தவன் தானே தண்ணீரில் இறங்கிக் கழி ஊன்ற வேண்டும். மூன்று தடவை தவறினால் பட்டியலில் பெயர் இருக்காது. முதல் தடவை, படகிலிருந்தே ஊன்றிவிடலாம் என்று பக்கத்து வீட்டு ராஜவேலுவின் முதுகில் ஏறிப் படகுக்குப் போனேன். பாதி வழியில் அவனுக்குச் சிரிப்பு வந்து, இருவரும் சேற்றில் விழுந்தோம். நாற்பது நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து. கரையில் நின்ற ஊர்த்தலைவர், "கொக்கே காலை நனைச்சிக்கினுதான்டா மீன் புடிக்குது, நீ இன்னா பெரிய தொரயா?" என்றார். என் முறை ராஜவேலுவுக்குப் போனது. அன்றைக்கென்று பார்த்து வெள்ளை இறால் குவிந்தது. இரண்டாம் தடவை நான் போகவே இல்லை. வரும் வெள்ளி மூன்றாவது. நைனா காலத்திலிருந்து இருக்கும் பெயரை அடித்துவிட்டால் நான் அடுத்தவன் படகில் கூலிக்குத்தான் போகவேண்டும். நினைத்தால் சோறு இறங்கவில்லை, மச்சான்.

கால் இன்னும் ஆறவில்லை. ஆகையால், இவன் இன்னும் நாற்பது நாளுக்குள் தண்ணீரில் இறங்கினால் காலையே எடுக்கவேண்டி வரும் என்று உங்கள் கடைத்தாளில் தலைவருக்கு இரண்டு வரி எழுதிப் போடவும். தைலம் இனிமேல் வேண்டாம். பெரியவர்களுக்கு என் கும்பிடும் சின்னவர்களுக்கு என் ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு, கட்டிலில் இருந்தபடி,
சிங்காரம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் வேலம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இத்தனை நாளும் வீட்டில் உலை கொதித்தது, அவள் தினமும் ஏரியில் இறங்கிக் கையால் தடவிப் பிடித்த இறாலில்தான். 'எல்லோரும் சுகம்' என்ற இடத்தில் சிரித்தாள். அப்போதுதான் அவள் பாதத்தைப் பார்த்தேன். அதைப் பார்த்தால் என்னுடையது புண்ணே இல்லை, மச்சான். தைலத்தில் ஒரு சொட்டுகூட அவள் தொடவில்லை. ஏன் என்றேன். "தொட்டா நாப்பது நாள் தண்ணில எறங்கக்கூடாதுன்னு நீதான படிச்சே. ரெண்டு பேரும் காலை நீட்டிக்கினு குந்திக்கினா உலையில இன்னாத்த போடறது?" என்றாள்.

என் கால் ஆறி எட்டு நாளாகிறது. தைலத்தால் ஆறியதா, சும்மா கிடந்ததால் ஆறியதா தெரியாது. திரும்பத் தண்ணீரில் இறங்கப் பயந்து யாரிடமும் சொல்லவில்லை. தலைவருக்குக் கடிதம் வேண்டாம். வெள்ளிக்கிழமை நான் இறங்குகிறேன். தைலம் இன்னொரு பாட்டில் உங்கள் தங்கை பெயருக்கு அனுப்பவும். கட்டில் காலியாக இருக்கிறது.